பழைய கணினியும் 75 வாட் கார்டும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எட்டுப் பத்து ஆண்டுகளாக மக்கர் செய்யாமல் உழைத்த அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறாதவை. அப்படிக் கழிக்கப்பட்ட டெல், எச்பி, லெனோவா பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் அதுபோன்ற சந்தைகளிலும் செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு வருகின்றன. உறுதியான இரும்பு கேபினட், நல்ல மதர்போர்டு, நான்கு கோர் பிராசசர், 8 ஜிபி ராம். பெரிய குறை ஒன்றுதான்: படம் வரையும் திறன் மிகச் சொற்பம்.

அதனால் வாங்குபவர்களில் பலருக்கு அடுத்து வரும் எண்ணம், இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிவிடலாம் என்பது. நல்ல எண்ணம்தான். ஒரே ஓர் உறுப்பைச் சேர்த்து, கணினியால் நேற்றுவரை செய்யவே முடியாத வேலையை இன்று செய்யவைக்கலாம் என்பது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. ஆனால் எந்தக் கார்டு என்ற கேள்விக்கு விடை கடையின் விலைப்பட்டியலில் இல்லை. அது அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

2012இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 கணினியையே எடுத்துக்கொள்வோம். (2023இல் இதே எண்ணில் டெல் ஒரு புதிய மாடலையும் வெளியிட்டது. இங்கே பேசப்படுவது பழையது.) அதில் பரவலாகப் பொருத்தப்பட்ட பிராசசர் இன்டெல் கோர் ஐ5-3470. நான்கு கோர்கள், 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகம். அதே சில்லுக்குள் எச்டி கிராபிக்ஸ் 2500 என்று ஒரு சின்னஞ்சிறு படம் வரையும் பகுதியும் உண்டு. எக்செல், மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். முப்பரிமாண விளையாட்டுக்கும் 4கே வீடியோவுக்கும் அது போதாது.

ஏன் என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கும். முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. காட்சி நொடிக்கு 60 முறை மாறினால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் பிக்சல்களுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. விளையாட்டில் வரும் தெரு, மரம், மனித முகம் எல்லாமே முக்கோணங்களால் ஆனவை. பார்ப்பவர் ஒரு அடி நகர்ந்தால் அத்தனை முக்கோணங்களின் முனைகளும் அணிப் பெருக்கல் மூலம் இடம் மாற வேண்டும். பிறகு எந்த முக்கோணம் எந்தப் பிக்சலை மூடுகிறது, அங்கே வெளிச்சம் எவ்வளவு, நிழல் விழுகிறதா, சுவரில் செங்கல் தெரிகிறதா, சுண்ணாம்பு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்ட பிறகே நிறம் கிடைக்கும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை எளிய கணக்குகள். பெரும்பாலும் ஒரு பிக்சலின் கணக்கு பக்கத்துப் பிக்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வயலில் வரிசையாக நின்று நாற்று நடும் பெண்களின் வேலை இப்படிப்பட்டதுதான்: எல்லோர் கையும் ஒரே செயலை ஒரே நேரத்தில் செய்கிறது, வரிசை நீள நீள வயல் சீக்கிரம் முடிகிறது. பிராசசரின் நான்கு கோர்களும் திறமைசாலிகள். ஒவ்வொரு அடியிலும் முடிவெடுத்துப் பாதை மாற்ற வேண்டிய சிக்கலான வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆனால் எண்ணிக்கையில் நான்குதான். 2016இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டில் 768 சிறு கோர்கள் இருக்கின்றன. ஐ5-3470 உச்ச வேகத்தில் நொடிக்குச் சுமார் 20,000 கோடி தசமக் கணக்குகள் போடும். அந்தக் கார்டு சுமார் 2 லட்சம் கோடி போடும். மின்சாரக் கணக்கிலோ இரண்டும் ஏறக்குறைய சமம். பிராசசருக்கு 77 வாட், கார்டுக்கு 75 வாட். ஒரே அளவு மின்சாரத்தில் பத்து மடங்கு கணக்கு என்பதுதான் கிராபிக்ஸ் கார்டின் பலம். ஆனால் ஒரே மாதிரிக் கணக்குகள் கூட்டமாக வரும் வேலைக்கு மட்டுமே அந்தப் பலம் உதவும். டாலி கணக்குப் புத்தகமோ வேர்டு ஆவணமோ கார்டு போட்டதால் வேகமாகத் திறக்கப்போவதில்லை.

இந்த வேலைப் பிரிவினை படிப்படியாக வந்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ கார்டு முப்பரிமாணக் காட்சியை மட்டுமே வரைந்தது. சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு வந்து, அங்கிருந்து மானிட்டருக்குப் போகும். முக்கோண முனைகளை இடம் மாற்றும் கணக்கு அப்போதும் பிராசசரின் தலையில்தான் இருந்தது. 1999இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 அதையும் கார்டுக்குள் இழுத்துக்கொண்டது. 2006 நவம்பரில் வந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸில் முனைகளுக்கு ஒரு வகைக் கோர், நிறத்துக்கு ஒரு வகைக் கோர் என்ற பிரிவும் போய்விட்டது. 128 கோர்களும் எந்தக் கணக்கையும் ஏற்கும் பொதுக் கோர்களாயின.

கோர்கள் மட்டும் கூடினால் போதாது. அத்தனை பேருக்கும் கையில் நாற்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது கார்டின் மேலேயே இருக்கும் நினைவகம். ஆப்டிபிளெக்ஸில் இரண்டு டிடிஆர்3-1600 ராம் துண்டுகள் ஜோடியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு தர முடியும். அதையும் பிராசசரும் உள்ளிருக்கும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1050 டிஐ கார்டில் உள்ள 4 ஜிபி நினைவகம் நொடிக்கு 112 ஜிபி தரும், பங்காளி யாரும் இல்லாமல்.

இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கியவர்கள் ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2017 மே மாதம் என்விடியா ஜிடி 1030 என்ற சிறிய கார்டை வெளியிட்டது. 30 வாட் மின்சாரம், 384 கோர்கள், 2 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி வேகம். பழைய அலுவலகக் கணினிக்கென்றே செய்தது போன்ற கார்டு. அடுத்த ஆண்டு அதே பெயரில் இன்னொரு கார்டு கடைக்கு வந்தது. கோர்களின் எண்ணிக்கையும் அதே 384 தான். ஆனால் நினைவகம் சாதாரண டிடிஆர்4. வேகம் நொடிக்கு 16.8 ஜிபி. ஆப்டிபிளெக்ஸின் சொந்த ராம் வேகத்தைவிடக் குறைவு! இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தவர்கள், சில விளையாட்டுகளில் புதியதன் வேகம் பழையதில் பாதிக்கு வந்துவிடுவதைக் கண்டார்கள். பெட்டியின் மேல் இரண்டும் ஜிடி 1030. இப்படிப் பெயர் வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். இன்றும் அந்த இரண்டு வகையும் சந்தையில் கலந்தே கிடக்கின்றன. ஆகவே நினைவகம் எத்தனை ஜிபி என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எந்த வகை என்றும் கேட்டாக வேண்டும்.

கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ். 2003இல் வந்த அதன் முதல் பதிப்பில் 16 தடங்கள் கொண்ட ஸ்லாட் ஒரு திசையில் நொடிக்கு 4 ஜிபி அனுப்பும். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 8 ஜிபி ஆனது. 2010இல் வரையறுக்கப்பட்ட மூன்றாம் பதிப்பில் ஏறக்குறைய 16 ஜிபி. நம் ஆப்டிபிளெக்ஸில் இருக்கும் ஐ5-3470 மூன்றாம் பதிப்பைப் பேசக்கூடியது. அதற்கு ஓராண்டு முந்தைய ஐ5-2400 போன்றவை இரண்டாம் பதிப்போடு நின்றுவிட்டவை. பழைய ஸ்லாட்டில் புதிய கார்டு வேலை செய்யுமா என்ற பயம் பலருக்கு உண்டு. பாதையைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு, இருவருக்கும் தெரிந்த உயர்ந்த வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும்படியே இந்த முறை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 16 தடங்களும் கிடைக்கும் வரை நடுத்தரக் கார்டுகளுக்குப் பதிப்பு வேறுபாட்டால் வரும் இழப்பு பெரும்பாலும் சிறியதுதான்.

ஆனால் கார்டே தடங்களைக் குறைத்துக்கொண்டால்? ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6400 நல்ல கார்டு. 53 வாட் போதும், தனி மின் இணைப்பு வேண்டாம், குட்டைப் பெட்டிக்கும் பொருந்தும். பழைய கணினிக்காரர்கள் தேடுவது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அதில் தரவு செல்வது 4 தடங்களில் மட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு உள்ள புதிய மதர்போர்டில் அந்த நான்கே சுமார் 8 ஜிபி தந்துவிடும். மூன்றாம் பதிப்பில் அது 4 ஜிபி ஆகிவிடும். அதாவது 2012ஆம் ஆண்டுக் கணினியில் 2022ஆம் ஆண்டுக் கார்டுக்கு 2003ஆம் ஆண்டுப் பாதை. இரண்டாம் பதிப்பு ஸ்லாட்டில் 2 ஜிபிதான் மிஞ்சும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன்பிருந்த ஏஜிபி ஸ்லாட்டின் கடைசி வடிவம் தந்த வேகமே 2.1 ஜிபி. கார்டின் 4 ஜிபி நினைவகத்துக்குள் விளையாட்டு அடங்கும் வரை இது வெளியே தெரியாது. நிரம்பி வழிந்து கணினியின் ராமிலிருந்து அள்ளிவர வேண்டிய கணத்தில் காட்சி திக்கித் திணறும். இதன் அண்ணன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டிலும் இதே குறையைச் சோதனைகள் காட்டின. எனவே, பழைய கணினிக்குக் கார்டு வாங்குபவர் தடங்களின் எண்ணிக்கையை அவசியம் பார்க்க வேண்டும். புதிய கணினி வைத்திருப்பவருக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை.

இனி மின்சாரம். ஆபத்து இருப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் தரக்கூடிய மின்திறன் அதிகபட்சம் 75 வாட். அதில் 12 வோல்ட் வழியாக 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், மீதி 3.3 வோல்ட் வழியாக. இதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து தனி கேபிள் வர வேண்டும். 6 முனைக் கேபிள் இன்னொரு 75 வாட் தரும். 8 முனைக் கேபிள் 150 வாட் தரும். அலுவலகக் கணினிகளில் அந்தக் கேபிள்கள் பெரும்பாலும் இருக்காது. ஆப்டிபிளெக்ஸ் 7010 டவர் மாடலின் எஸ்.எம்.பி.எஸ். 275 வாட், சிறிய பெட்டியுடையது 240 வாட். பிராசசருக்கு 77, கார்டுக்கு 75, மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஐம்பது வைத்துக்கொண்டாலும் 200 வாட்டைத் தொடுகிறது. அடங்கும். ஆனால் பத்து ஆண்டு வெப்பத்தில் வெந்த மின்தேக்கிகள் உள்ளே இருப்பதால், அதற்கு மேல் சோதித்துப் பார்ப்பது விவேகம் அல்ல.

75 வாட் எல்லையை மீறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2016இல் ஒரு பாடம் கிடைத்தது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 கார்டு வெளிவந்தபோது, அது ஸ்லாட்டிலிருந்து வரையறையைத் தாண்டி மின்சாரம் இழுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். மதர்போர்டுகளுக்கு ஆபத்து என்ற கவலை எழுந்தது. ஏஎம்டி அடுத்த மாதமே புதிய டிரைவர் வெளியிட்டு, ஸ்லாட்டிலிருந்து இழுக்கும் அளவைக் குறைத்தது. புத்தம் புதிய மதர்போர்டுகளுக்கே இந்தக் கவலை என்றால், பத்தாண்டு பழைய மதர்போர்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறுக்குவழியும் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் இணைப்பை 6 முனையாக மாற்றித் தரும் சின்னக் கேபிள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் வரை. மொத்தம் 54 வாட். அதன் மறுமுனையில் 75 வாட் கேட்கும் கார்டைச் செருகினால் இணைப்பு சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். இந்தக் கேபிளைக் கார்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.-ஐயே மாற்றிவிடலாமே என்றால், அதற்கும் ஒரு தடை. டெல், எச்பி நிறுவனங்களின் பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பு பொதுத் தரத்தில் இல்லாமல் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கிறது. ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் பொதுவான 24 முனை இணைப்பு உண்டு. அடுத்த ஆண்டு வந்த 9020-இல் 8 முனை இணைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதற்கு நேராகப் பொருந்தாது.

இந்தச் சூழலில்தான் 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ பழைய கணினிக்காரர்களின் செல்லப்பிள்ளையானது. 640 கோர்கள், 60 வாட், தனிக் கேபிள் வேண்டாம். கடையில் வாங்கிய சாதாரண மேசைக் கணினியில் அதைச் செருகி விளையாட்டுக் கணினியாக மாற்றும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அந்த வரிசையில் பிறகு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வந்தது. 2019இல் ஜிடிஎக்ஸ் 1650, 2024 பிப்ரவரியில் 70 வாட்டில் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம். பத்து ஆண்டுகளில் 75 வாட்டுக்குள் செய்ய முடிந்த வேலை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கு இந்த வரிசையே சாட்சி. ஒரு எச்சரிக்கை: 1650 கார்டுகளில் சில தயாரிப்புகளுக்கு மட்டும் 6 முனைக் கேபிள் வேண்டும். படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டே வாங்க வேண்டும்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டவர் பெட்டியில் சாதாரண உயரக் கார்டு நுழையும். சிறிய பெட்டியில் லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டுதான் நுழையும். அதற்கான குட்டைத் தகடும் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில சிறிய பெட்டிகளில் 16 தட ஸ்லாட்டை ஒட்டியே எஸ்.எம்.பி.எஸ். உட்கார்ந்திருக்கும். இரண்டு ஸ்லாட் பருமன் உள்ள கார்டு அங்கே உள்ளே போகவே போகாது. அளவுநாடாவை எடுத்து ஒரு முறை அளந்தால் தீர்ந்தது.

பிராசசர் எவ்வளவு தாங்கும் என்பது இன்னொரு கணக்கு. ஒவ்வொரு காட்சியிலும் எதை வரைய வேண்டும், எதிரி எங்கே நிற்கிறான், கதவு திறந்திருக்கிறதா என்று தீர்மானித்துக் கார்டுக்கு ஆணைகளை எழுதித் தருவது பிராசசர்தான். அந்த 16.7 மில்லிநொடிக்குள் முடிக்காமல், பிராசசர் ஆணையை எழுத 25 மில்லிநொடி எடுத்தால், நொடிக்கு 40 காட்சிக்கு மேல் வராது. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் இதே கதிதான். ஐ5-3470-க்கு இன்னொரு வரம்பும் உண்டு. 2013இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி அதில் இல்லை. அதைக் கட்டாயமாக எதிர்பார்க்கும் சில புதிய விளையாட்டுகள் அந்தக் கணினியில் சரியாக ஓடாது. எனவே 2012ஆம் ஆண்டுக் கணினியில் 200 வாட் கார்டைப் பொருத்த வழி தேடுவது, மின்சாரச் சிக்கலைத் தீர்த்தாலும் வீண் செலவுதான்.

விளையாட்டில் ஆர்வமே இல்லாதவருக்கும் கார்டால் பயன் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு: வீடியோ. எச்டி கிராபிக்ஸ் 2500-க்குள் எச்.264 வீடியோவை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. ஆனால் யூடியூப் 4கே வீடியோவை எச்.264-இல் தருவதில்லை. விபி9, ஏவி1 என்ற புதிய முறைகளில்தான் தருகிறது. அவற்றை விரிக்கும் சுற்று இல்லாததால் வேலை முழுவதும் நான்கு கோர்களின் மேல் விழுகிறது. ஃபேன் இரைகிறது, படம் தாவித் தாவி ஓடுகிறது. 30 வாட் ஜிடி 1030 கூட விபி9-ஐயும் எச்இவிசி என்ற இன்னொரு முறையையும் தனிச் சுற்றிலேயே விரித்துவிடும். ஏவி1-க்கு ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற புதியவை வேண்டும். ஆர்எக்ஸ் 6400-இல் ஏவி1 விரிக்கும் சுற்றும் இல்லை, வீடியோவைச் சுருக்கும் சுற்றும் இல்லை. இன்டெல்லின் ஆர்க் ஏ380 ஏவி1-ஐ விரிக்கவும் சுருக்கவும் வல்லது. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அதன் முழு வேகம் கிடைக்கும். 2012ஆம் ஆண்டு மதர்போர்டில் அது கிடையாது.

செயற்கை நுண்ணறிவு கற்கும் மாணவர்களும் இப்போது பழைய கணினிக்குக் கார்டு தேடுகிறார்கள். அவர்களுக்கு 2012ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு ஊக்கம் தரும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் படங்களை இனம் காணும் நரம்பு வலை ஒன்றை உருவாக்கினார்கள். அது பயிற்சி பெற்றது விளையாட்டுக்காக விற்கப்பட்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில், ஐந்தாறு நாள்களில். 12 லட்சம் படங்கள், 1,000 வகைகள், 6 கோடி அளபுருக்கள் (பாராமீட்டர்கள்). இமேஜ்நெட் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற முறையின் பிழை 26.2 சதவீதம், இவர்களுடையது 15.3 சதவீதம். இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுச்சியின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சுட்டுவது அந்த வெற்றியைத்தான். ஒரு கார்டு போதாமல் அவர்கள் இரண்டு கார்டு வைத்ததற்குக் காரணம், ஒரு கார்டின் 3 ஜிபி நினைவகத்துக்குள் அந்த வலை அடங்கவில்லை என்பதே. நினைவகத் தட்டுப்பாடு இன்றைக்கும் இருக்கிறது. 700 கோடி அளபுருக்கள் கொண்ட மொழி மாதிரியை ஓர் அளபுருவுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும் 3.5 ஜிபி வேண்டும். 4 ஜிபி கார்டில் மூச்சு முட்டும். 6 ஜிபி கார்டில் ஓடும். கற்பதற்காக வாங்குபவர்கள் கோர்களைவிட ஜிபிக்கு முன்னுரிமை தருவது நல்லது.

இவ்வளவுக்கும் முன்பாக ஒரு செலவு இருக்கிறது. கணினியில் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், முதல் பணம் எஸ்எஸ்டி-க்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிநொடி ஆகும். தேவையான தரவு ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான காத்திருப்புகள். "கணினி மெதுவாக இருக்கிறது" என்று கார்டு தேடி வரும் பலருக்கு உண்மையான மருந்து அந்தச் சிறிய எஸ்எஸ்டி-தான்.

பொருத்துவது கடினமில்லை. மின் கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலை மின்னைப் போக்கிவிட்டுக் கார்டைச் செருக வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலிருந்து எடுத்துக் கார்டின் துளையில் மாட்ட மறந்து, கார்டு பழுது என்று நினைப்பவர்கள் நிறைய. பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1050 டிஐ முதலான கார்டுகளில் அனலாக் வெளியீடு கிடையாது. டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ள அடாப்டர் தேவைப்படும். கார்டு போட்டுத் திரை இருண்டே இருந்தால், மதர்போர்டின் பயாஸ் பதிப்பைப் புதுப்பிப்பது முதல் முயற்சி. யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் இல்லாத, 2012-க்கு முந்தைய மதர்போர்டுகளில் மிகப் புதிய கார்டுகள் சில நேரம் திரையே காட்டாது.

செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு விழிப்பு கூடுதலாக வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கார்டுத் தட்டுப்பாட்டில், 2016இல் வந்த 1050 டிஐ-யையே என்விடியா மீண்டும் சந்தைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் சூட்டில் ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. பழைய சில்லின் மேல் புதிய பெயரை எழுதி 1050 டிஐ என்று விற்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கடையிலேயே பொருத்தி, அந்த மென்பொருளை ஓட்டி, பத்து நிமிடம் ஒரு விளையாட்டையும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கார்டு போட்டதால் அந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. பிராசசர் பழையது என்ற தடை அப்படியே இருக்கும். லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஏஎம்டி கார்டு வசதி, அதன் திறந்த மூல டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. என்விடியா பக்கம், 750 டிஐ, ஜிடி 1030, 1050 டிஐ ஆகியவை சேர்ந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. 1650-உம் 3050-உம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் 1050 டிஐ-யை விட்டுவிட்டு 1650-ஐ வாங்குங்கள். கடைக்குக் கிளம்பும் முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் வாட் அளவையும் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.